கப்பல் என்ன பாவம் செய்தது?

கம்பளைக்கு அருகிலுள்ள பாடசாலை ஒன்றில் உயர் வகுப்பு மாணவர்களுக்கு மலையக மக்களின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பல்களைப் பற்றிப் பேச்சு வந்தது. உங்கள் பாட்டன் பூட்டன்மாரை இந்த மலைக்குக் கொண்டுவந்தது அந்தக் கப்பல். அவர்தம் பிள்ளைகளைப் பெட்டி படுக்கையுடன் திரும்பக் கொண்டுபோனதும் அந்தக் கடல் வழியே என்று விளக்கி வருகையில், உணர்ச்சி மிகுதியால் 'பாழாய்ப்போன கப்பல்' என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துவிட்டேன். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "கப்பல் என்ன பாவம் செய்தது, சேர்? அது வெறும் இரும்புதானே!" என்றாள்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தபடியே பாடத்தை முடித்தேன். ஆனால் அன்று மாலை மகாவலி கங்கையின் ஓரமாக வீடு திரும்புகையில் அந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. மனித சமுதாயத்தின் மிகப் பழைய அறக் கேள்விகளில் ஒன்றை அந்தப் பெண் தன்னையறியாமலே கேட்டுவிட்டாள். கருவிக்குக் குற்றம் உண்டா? கத்தி கொல்வதில்லை, அதைப் பிடித்த கைதான் கொல்கிறது என்று சொல்லி நாம் இக்கேள்வியை வழக்கமாக மூடிவிடுகிறோம். அவ்வளவு எளிதில் மூடிவிடக்கூடிய கேள்விதானா இது?

முதலில் அந்தக் கப்பல் இன்னதென்று தெரிந்துகொள்வோம். அது கப்பற் கம்பெனியொன்றின் கப்பலன்று. புகையிரதக் கம்பெனியின் கப்பல். லண்டனில் தலைமையிடம் வைத்திருந்த தென்னிந்திய ரயில்வே கம்பெனி, 1914ஆம் ஆண்டில் பாம்பன் கால்வாயின் மேல் பாலம் அமைத்து, தனுஷ்கோடி முனைவரை தண்டவாளத்தைக் கொண்டுசென்றது. இக்கரையில் இலங்கை அரசாங்கத்தின் புகையிரதப் பகுதி, மதவாச்சியிலிருந்து மன்னாரைக் கடந்து தலைமன்னார் இறங்குதுறை வரை பாதை போட்டது. இடையே நின்றது ஏறத்தாழ 22 மைல் கடல். ஆதாம் பாலம் எனப்படும் மணல் திட்டுக்களின் மேலேயே பாதை அமைத்து, வண்டியை நேரே இலங்கைக்குள் ஓட்டிவிடலாம் என்றும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தார்கள். செலவைக் கணக்கிட்டுப் பார்த்துக் கைவிட்டார்கள். அதற்கு ஈடாக வந்தவையே இந்தக் கப்பல்கள். கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட கர்ஸன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்ற மூன்று நீராவிக் கப்பல்கள் 1914 மார்ச் மாதத்தில் ஓடத் தொடங்கின. பின்னர் இர்வின், கோஷன் என்பன வந்து சேர்ந்தன. பெயர்களைக் கவனியுங்கள். நால்வர் இந்தியாவின் வைசிராய்கள். ஒருவர் சென்னை மாகாணத்தின் கவர்னர். ஆண்டவர்களின் பெயர் நெற்றியில், ஆளப்பட்டவர்கள் மேல்தளத்தில்.

சென்னை எழும்பூரில் வாங்கிய டிக்கட் கொழும்புக் கோட்டை வரை செல்லும். 'போட் மெயில்' என்று இரு நாட்டு மக்களும் அறிந்த பிரயாணம் அது. இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. புகையிரதக் கம்பெனி கப்பலை வைத்திருக்கும்போது கடல், கடலாக இருப்பதில்லை. இரண்டு நிலையங்களுக்கு நடுவே உள்ள ஒரு துண்டுப் பாதையாகிவிடுகிறது. கப்பல், வண்டியில் கோத்த இன்னொரு பெட்டியாகிவிடுகிறது. ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்குப் போகிறோம் என்ற நினைவு, போகிறவன் மனத்திலிருந்தும் போக்குகிறவன் மனத்திலிருந்தும் ஒருங்கே அகன்றுவிடுகிறது. நாட்டைக் கடக்கும் காரியம் பெட்டி மாறும் காரியமாகச் சுருங்குகிறது. 1948இல் அந்தக் கடல் திடீரென்று மீண்டும் கடலானபோது, பெட்டி மாறி வந்தவர்கள் எல்லோரும் அந்நியராகிப்போனார்கள். அதைப் பின்னர்ப் பார்ப்போம்.

கப்பலுக்காக வாதாடுவோர் சொல்லக்கூடியதை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். 1824இல் ஜோர்ஜ் பேர்ட் என்ற ஆங்கிலேயர் கம்பளைக்குப் பக்கத்துச் சிங்கப்பிட்டியில் கோப்பித் தோட்டம் போட்டார். இலங்கைப் பெருந்தோட்டத்தின் தொடக்கங்களில் அது ஒன்று. இந்த மாணவர்கள் நாள்தோறும் நடந்துவரும் மண் அது. அந்தக் கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டு உழைப்பாளி வந்த விதம் என்ன? தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தான். வாந்திபேதி, காய்ச்சல், தாகம், பசி. வழியில் விழுந்தவர்களைத் தூக்க ஆளில்லை. கண்டிக்குப் புகையிரதம் 1867இல் வந்தது. கம்பளையைக் கடந்து நாவலப்பிட்டிக்கு 1874இல் போயிற்று. பின்னர் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பல் பழக்கமாயிற்று. 1914க்குப் பிறகு, அந்தக் காட்டு வழியில் ஒருவனைக் கொன்றிருக்கக்கூடிய தூரத்தை இரண்டு மணிநேரக் கடற் பயணமும் ஓர் இரவு வண்டியும் தின்றுவிட்டன. தலைமன்னாரில் ஏறியவன் அநுராதபுரம், மாகோ, பொல்கஹவலை வந்து, வண்டி மாறி, கடுகண்ணாவை மலையேறி, பேராதனை தாண்டிக் கம்பளையில் இறங்கினான். இங்கிருந்து புசல்லாவை, இறம்பொடைத் தோட்டங்களுக்குத் தெரு வழி. உயிரோடு வந்து சேர்ந்தான். இது சிறிய நன்மையன்று. காட்டு வழியில் செத்தவர்களை நினைத்தால் கப்பலைப் பழிக்க நா எழாது.

இங்கிலாந்தில் இயந்திரங்களை உடைத்த தொழிலாளரின் கதை நம்மில் பலருக்குத் தெரியும். இயந்திரம் வேறு, முதலாளி அதைப் பயன்படுத்தும் முறை வேறு என்று பிரித்தறியத் தொழிலாளி வர்க்கத்துக்குக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன என்று மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் எடுத்துக்காட்டினார். என் மாணவியும் அதே உண்மையின் வாசலில்தான் நிற்கிறாள். ஆயினும் இந்தப் பாடத்தை அரைகுறையாகப் படித்துவிட்டு, கருவி என்றால் கறையற்றது, பயன்படுத்துவோன் ஒருவனே பொறுப்பாளி என்று முடிவு கட்டுவோர் நம்மிடையே உண்டு. கருவி என்பது இரும்பு மட்டுமன்று என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். தளம் எத்தனை பேருக்கு, அறை எத்தனை பேருக்கு என்று வரைபடத்திலேயே தீர்மானித்துக் கட்டிய கப்பலில், அந்தச் சமுதாயத்தின் உறவுகள் ஆணியோடு ஆணியாக அறையப்பட்டிருக்கின்றன.

தகர டிக்கட்டை எடுத்துக்கொள்வோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இலங்கைத் தோட்டத் துரைமாரின் வசதிக்காக வந்த ஏற்பாடு இது. கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொள்ளும் ஒரு சிறு தகர வில்லை. அதில் மனிதனின் பெயர் இல்லை. போய்ச் சேர வேண்டிய தோட்டத்தின் அடையாள எண் பொறித்திருந்தது. அதைக் காட்டினால் புகையிரதம் ஏற்றும், முகாம் சோறு போடும், கப்பல் சுமக்கும். செலவு தோட்டத்தின் கணக்கில் விழும். தோட்டத்தின் கணக்கிலிருந்து கங்காணியின் கணக்குக்கும், கங்காணியின் கணக்கிலிருந்து தொழிலாளியின் தலைக்கும் அது இறங்கும். கண்டிச் சீமை என்ற பெயரைக் கேட்டுப் புறப்பட்டவன், முதல் கொழுந்தைக் கிள்ளுமுன்னே கடனாளியானான். வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால் அந்தக் கடனைத் தீர்த்ததற்கு 'துண்டு' வேண்டும். துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது 1921இல். 1923க்குப் பின் பயணச் செலவைத் துரைமார் பணம் கட்டும் ஒரு பொது நிதி ஏற்றுக்கொண்டது என்பதையும், வந்தவன் உடல்நலக் குறைவாலோ அநியாயத்தாலோ ஓராண்டுக்குள் செலவின்றித் திரும்பலாம் என்று விதி ஏற்பட்டது என்பதையும், இதைக் கவனிக்க இந்திய அரசின் பிரதிநிதி ஒருவர் கண்டியிலேயே இருந்தார் என்பதையும் மறைக்கக்கூடாது. காகிதத்தில் இருந்தது. லயத்தில் இருப்பவன் துரையையும் கங்காணியையும் தாண்டிக் கண்டிக்குப் போய்ச் சொல்வது எப்படி என்பதைக் காகிதம் சொல்லவில்லை.

இப்போது பொறுப்பைத் தேடிப் பாருங்கள். ஆள் பிடித்தது யார்? கங்காணி. அவனைக் கேட்டால், துரை அனுப்பினார் என்பான். துரையைக் கேட்டால், லண்டனிலிருக்கும் கம்பெனி இத்தனை ஆள் வேண்டுமென்று எழுதியது என்பார். மண்டபம் முகாமில் நாட்கணக்கில் அடைத்துவைத்து, துணியை ஆவியில் அவித்து, அம்மை குத்திய வைத்தியரைக் கேட்டால், நோய் பரவாமல் காத்தேன் என்பார், அதுவும் உண்மையே. புகையிரதக் கம்பெனியைக் கேட்டால், டிக்கட் இருந்தது, ஏற்றினோம் என்னும். கப்பல் மாலுமி, காலநிலை நன்றாயிருந்தது, கொண்டுசேர்த்தேன் என்பார். ஒவ்வொருவரும் தம் பங்கை ஒழுங்காகச் செய்தார்கள். ஒருவர் கூட பொய் சொல்லவில்லை. எல்லோரும் ஒழுங்காகச் செய்த காரியங்களைக் கூட்டிப் பார்த்தால், கழுத்தில் தகர எண் தொங்க ஒரு மனிதன் கம்பளை நிலையத்து மேடையில் நிற்கிறான். குற்றத்தைச் சிறு சிறு கூறாக்கிப் பங்கிட்டுவிட்டால், எவர் பங்கிலும் குற்றம் என்று சொல்லத்தக்க அளவுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. முதலாளித்துவம் கண்டுபிடித்த யந்திரங்களுள் இதுவே மிக நுட்பமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தத் தர்க்கம் எங்கே கொண்டுபோய்விடக்கூடும் என்பதை ஐரோப்பா கண்டது. நாஜி ஆட்சியில் ஜெர்மன் புகையிரத நிர்வாகம், யூதர்களைக் கொலை முகாம்களுக்கு ஏற்றிச் செல்லத் தலைக்கு இத்தனை, மைலுக்கு இத்தனை என்று மூன்றாம் வகுப்புக் கட்டணம் வசூலித்தது; குழந்தைகளுக்கு அரைக் கட்டணம். போருக்குப் பின்பு அதன் அதிகாரிகளின் வாய்மொழி, நாங்கள் வண்டியைத்தான் ஓட்டினோம் என்பதாகவே இருந்தது. நெதர்லாந்துப் புகையிரதம் தான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டது 2005இல். பாதிக்கப்பட்டோருக்கும் வாரிசுகளுக்கும் ஈடு தர ஒப்பியது 2019இல். அந்தப் பெருங்கொடுமையுடன் நம் கதையை ஒரே தராசில் வைப்பது தகாது. வைத்தால் இறந்தோருக்கு அவமதிப்பு. ஏற்றிச் செல்பவன் 'ஏற்றினேன், அவ்வளவே' என்று கையைக் கழுவ முடியாது என்ற அறம் உலகில் மெல்ல மெல்ல ஏற்கப்பட்டு வருகிறது என்பதற்காகவே சொன்னேன்.

ஏற்றிச் செல்பவன் என்றால் யார்? கொதிகலனுக்குக் கரி வாரிப்போட்ட மனிதனா? தனுஷ்கோடியில் மூட்டை சுமந்தவனா? இல்லை. அதே கம்பெனி 1928இல் நாகப்பட்டினம் தொழிற்சாலையைப் பொன்மலைக்கு மாற்றி ஆட்குறைப்புச் செய்ய முனைந்தபோது, தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் அதற்காகச் சிறை சென்றார்கள். மறுத்துச் சொன்ன தொழிலாளிக்குக் கிடைத்தது பட்டினியும் தடியடியும். மறுத்துச் சொல்லியிருந்தால் கம்பெனியின் இயக்குநருக்கு என்ன குறைந்திருக்கும்? ஓராண்டு இலாபத்தில் ஒரு பங்கு. ஆகவே பொறுப்பை அளக்கும் கோல், அவன் கை எதைத் தொட்டது என்பதன்று. மறுப்பதற்கு அவனுக்கு எவ்வளவு வலிமை இருந்தது என்பதே. மறுக்கக்கூடியவன் மறுக்காதிருந்தால் அங்கே குற்றம் தங்குகிறது.

இந்தக் கோலைக் கையில் வைத்துக்கொண்டு கப்பலில் ஏற்றப்பட்டவன் பக்கமும் பார்க்கலாம். முதல் வகுப்பில் போன வியாபாரிக்கும் தளத்தில் குந்தியிருந்த தொழிலாளிக்கும் கடல் ஒன்றே, காற்று ஒன்றே, 22 மைலும் ஒன்றே. வேறுபாடு மெத்தையில் இல்லை. வியாபாரி போகாமலும் இருந்திருக்கலாம். போனபின் நினைத்த நாளில் திரும்பியும் வரலாம். பஞ்சமும் பண்ணையாரின் கொடுமையும் பிடரியைப் பிடித்துத் தள்ள, கங்காணியின் முன்பணம் கையைப் பிடித்து இழுக்க வந்தவனுக்கு அந்த இரண்டும் இல்லை. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்து தேயிலையும் றப்பரும் விலை விழுந்தபோது, வேண்டாத ஆட்களை அதே கப்பல் திரும்ப ஏற்றிக்கொண்டு போயிற்று. விலை ஏறியதும் மறுபடி கொண்டுவந்தது. கடலலை போல் மனிதர்கள் வந்து வந்து போனார்கள் என்று சிலர் அழகாக எழுதுவார்கள். அலையை எழுப்பிய காற்று லண்டன் மின்சிங் லேனில் இருந்த தேயிலைச் சந்தையிலிருந்து வீசியது.

அந்தக் கப்பலில் இன்பமும் வந்தது என்பதை எழுதாமல் விட்டால் நான் பொய்யனாவேன். ஊர்த் திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் போய்வந்தவர்கள் உண்டு. அம்மாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வந்தவர்கள் உண்டு. தமிழகத்துப் புத்தகங்களும் பத்திரிகைகளும் அந்த வழியே மலைநாட்டுக் கடைகளுக்கு வந்தன. மறுப்பதற்குரிய சொற்களும் அவற்றோடு வந்தன. கூலி என்று வந்தவர்கள் தொழிலாளர் என்று தம்மை அழைத்துக்கொள்ளக் கற்றார்கள். 1931இல் கோ. நடேசய்யர் ஹற்றனில் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார். 1939இல் இந்திய அரசாங்கம் தோட்ட வேலைக்கு ஆள் வருவதைத் தடை செய்தது. அதே ஆண்டில் நேரு வந்துபோனார். இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. அதன் முதல் மாநாடு 1940இல் நடந்தது இந்தக் கம்பளையில்தான். அதே ஆண்டின் தொடக்கத்தில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியாகியிருந்தார். மறுப்பதற்கு விலை அதுவாக இருந்த காலம்.

பின்னர் சுதந்திரம் வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து வாக்குரிமைப் பறிப்பும் வந்தன. இலங்கையில் பிறந்தவனாயிருந்தாலும் போதாது. தகப்பன் இங்கே பிறந்தான் என்றோ, தகப்பனின் தகப்பனும் அவனுடைய தகப்பனும் இங்கே பிறந்தார்கள் என்றோ நிரூபிக்க வேண்டும். 1949ஆம் ஆண்டின் மற்றொரு சட்டப்படி விண்ணப்பிப்போர், மணமானவர் 7 ஆண்டும் மற்றவர் 10 ஆண்டும் இடைவிடாது இங்கே குடியிருந்தமைக்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. தெருவிலே அவர்களுக்கு வைத்த பெயர் 'கள்ளத்தோணி'.

இந்தப் பெயரின் அநியாயத்தை ஆற அமர நினைத்துப் பாருங்கள். இவர்களா கள்ளத்தோணி? இவர்கள் வந்தது வைசிராயின் பெயர் சூட்டிய கப்பலில். ஏறுவதற்கு முன் இலங்கை அரசாங்கமே நடத்திய மண்டபம் முகாமில் எண்ணப்பட்டார்கள், பதியப்பட்டார்கள், ஊசி குத்தப்பட்டார்கள். கழுத்திலே தோட்டத்தின் எண். தோட்டத்திலே செக்ரோல் புத்தகத்தில் பெயர். உலகத்தில் வேறெந்தக் குடியேற்றக்காரர்களின் வருகையும் இவ்வளவு பகிரங்கமாக, இத்தனை பேரேடுகளில் எழுதப்பட்டு நடந்திருக்குமா என்பது ஐயமே. ஆனால் அந்தப் பேரேடுகள் கம்பெனியிடமும் துரையிடமும் அரசாங்கத்திடமும் இருந்தன. நிரூபிக்கும் பாரத்தை மட்டும் எழுத்தறிவு மறுக்கப்பட்ட தொழிலாளியின் முதுகில் ஏற்றினார்கள். கொண்டுவந்தவன் சாட்சி சொல்ல வரவில்லை. 'எப்போது வந்தாய்?' என்று கேட்கையில் பேசாதிருந்ததே, ஏற்றியவர்கள் செய்த குற்றங்களிலெல்லாம் பெரிது என்று நான் கருதுகிறேன். கர்ஸனும் எல்ஜினும் இரும்பு, அவற்றுக்கு வாயில்லை. அவற்றை நடத்தியவர்களுக்கு வாய் இருந்தது.

இதற்குள் கப்பலும் கைமாறியிருந்தது. தென்னிந்திய ரயில்வேயை அரசாங்கம் 1944இல் ஏற்றுக்கொண்டது. 1951இல் அது தெற்கு ரயில்வேயில் கலந்தது. அந்நியக் கம்பெனியின் சொத்து இந்திய மக்களின் சொத்தாயிற்று. நம் போன்றோர் கனவு கண்ட மாற்றம் அல்லவா இது? உடைமை மாறினால் உறவு மாறும் என்று நாம் நம்பினோம். 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9 லட்சத்து 75 ஆயிரம் மனிதர்கள். அவர்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சம் பேர் பின்னர் பேசிக்கொள்ள வேண்டியவர்கள். 1974இல் பேசிக்கொண்டார்கள்: பாதிக்குப் பாதி. எவரை என்று யாருக்கும் தெரியாது. எத்தனை என்பது மட்டும் முடிவாகிவிட்டது. தகர வில்லையில் தோட்டத்தின் எண்ணாவது இருந்தது. இங்கே வெறும் தொகை.

ஒப்பந்தம் எழுதிய மை காய்ந்து இரண்டு மாதங்கூட ஆகவில்லை. அவ்வாண்டு டிசெம்பர் 22ஆம் நாள் இரவு புயலும் கடலும் எழுந்து தனுஷ்கோடியை அழித்தன. நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் வண்டி நூற்றுக்கு மேற்பட்டோருடன் அலையில் போயிற்று. ஐம்பதாண்டுக் காலம் கப்பல் புறப்பட்ட துறை, மணலும் இடிபாடுமாயிற்று. அறிவுக்குப் பொருந்தாத எண்ணந்தான். ஆனாலும், கடல் அந்த ஒப்பந்தத்துக்கு எதிராகத் தன் ஒரு வாக்கைப் போட்டுவிட்டது என்று எண்ணாதிருக்க முடியவில்லை. கடலின் வாக்கை யார் எண்ணுகிறார்கள்? சேவை இராமேஸ்வரத்துக்கு மாறியது. 'ராமானுஜம்' என்ற கப்பல் வந்தது. இப்போது நெற்றியில் வைசிராய் பெயரில்லை. நம் வீடுகளில் வழங்கும் பெயர். தளம் மட்டும் பழைய தளமாகவே இருந்தது.

கம்பளை நிலையத்து மேடையில் அந்நாட்களில் நின்றவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். ஹற்றன் பக்கத்திலிருந்து வரும் வண்டியில் முன்னரே ஏறியவர்கள், இங்கே ஏறுபவர்கள், ஏற்றிவிட வந்தவர்கள். ஓர் அண்ணன் இந்தியப் பிரஜை, தம்பி இலங்கைப் பிரஜை. தாய் போகிறாள், மணமான மகள் நிற்கிறாள். சக்கரம் அசைந்ததும் மேடையிலும் பெட்டியிலும் ஒரே நேரத்தில் எழும் அழுகையைக் கேட்டு, மக்கள் அந்த வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்தார்கள். இலக்கியவாதி எவனும் சூட்டிய பெயரன்று அது.

'அவர்கள் தாமே விண்ணப்பம் போட்டார்கள், தாமே கடவுச்சீட்டு வாங்கினார்கள், கட்டாயம் எங்கே?' என்று அந்நாளிலும் கேட்டார்கள், இந்நாளிலும் கேட்கிறார்கள். உண்மை என்னவென்றால், இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பித்தோர் சுமார் 4 லட்சம் பேரே; ஒப்பந்தம் குறித்த தொகைக்கு அது எட்டவில்லை. மக்களின் விருப்பம் தொகைக்குக் குறைவாக இருந்தது என்பதே இதன் பொருள். விண்ணப்பித்தவர்களின் விருப்பந்தான் எப்படிப் பிறந்தது? வாக்கில்லை, நிலமில்லை, அரசாங்க வேலையில்லை. 1970களின் நடுவில் தோட்டங்களில் பட்டினிச் சாவு. 1977இல் வன்செயல், 1981இல் வன்செயல், 1983இல் வன்செயல். தீப்பற்றிய வீட்டிலிருந்து ஓடுபவனைப் பார்த்து, வாசலைத் தானே தேர்ந்தெடுத்தான் என்று சொல்வதற்கு ஒரு தனி மனம் வேண்டும். போனவர்கள் மூன்று லட்சத்துக்கு மேல். அவர்களிற் பலர் நீலகிரியில் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி அதே கொழுந்தைக் கிள்ளினார்கள். இங்கே கள்ளத்தோணியாக இருந்தவன், அங்கே சிலோன்காரன் ஆனான்.

போகாமல் இருக்கும் உரிமை இல்லாதவனுக்குப் போகும் உரிமையும் உண்மையில் இல்லை. இதை விளங்கிக்கொள்ள 1984 உதவுகிறது. அவ்வாண்டில் போர்ச் சூழலால் கப்பல் நின்றுபோயிற்று. கப்பலைத் திட்டியவர்கள் மகிழ்ந்திருக்க வேண்டும் அல்லவா? மகிழவில்லை. கையில் இந்தியக் கடவுச்சீட்டுடன், வேலையிலிருந்து பெயர் வெட்டப்பட்டு, ஆடு மாடுகளையும் பண்ட பாத்திரங்களையும் விற்றுவிட்டுக் காத்திருந்தவர்கள் இருந்த இடத்திலேயே அகப்பட்டுக்கொண்டார்கள். முதலில் வேண்டாமென்றாலும் ஏற்ற வந்தது. பின்னர் வேண்டுமென்றாலும் வராமற் போயிற்று. இரண்டு முறையும் அவர்களை எவரும் கேட்கவில்லை. எஞ்சியோரை இலங்கைப் பிரஜைகளாக ஏற்கும் சட்டங்கள் 1988இலும் 2003இலும் வந்தன. தகர வில்லையிலிருந்து அதுவரை ஒரு நூற்றாண்டு.

மன்னார்ப் பாதை 1990இல் போரில் அழிந்தது. தலைமன்னார் இறங்குதுறைக்குப் புகையிரதம் 2015 மார்ச்சில் மீண்டும் போயிற்று. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்டோபரில் பயணிகள் கப்பல் விட்டார்கள். இராமேஸ்வரம் வழியையும் திறக்க வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. நான் அதை எதிர்ப்பவனல்லன், வரவேற்கிறேன். யார் நடத்துவது, யார் ஏறுவது, ஏற மறுப்பவனுக்கு என்ன நேரும் என்ற மூன்று கேள்விகளையும் அந்தப் பேச்சிலே நம் மாணவர்கள் எழுப்ப வேண்டும் என்பதே என் விருப்பம்.

மறு வாரம் அந்த மாணவியிடம் இவற்றில் சிலவற்றைச் சொன்னேன். கப்பலுக்குப் பாவமில்லை என்று நீ சொன்னது சரி, ஆனால் நீ சொன்ன இரும்பு மட்டுமே கப்பலன்று என்றேன். அவள் சற்று நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, தன் வீட்டில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது என்றாள். 1983இல் அப்பாயியும் தாத்தாவும் ஊருக்குப் போவதற்காக ஆசாரியை வைத்துச் செய்தது. மூடியில் வெள்ளைப் பெயின்றால் தாத்தாவின் பெயர், தோட்டத்தின் பெயர், 'தலைமன்னார் வழி', அதன் கீழே திருச்சி ஜில்லாவில் ஒரு கிராமத்தின் பெயர். கப்பல் நின்றுபோனதால் பெட்டி போகவில்லை. இப்போது அதில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அரிசி, சேர்" என்றாள். "எலி ஏறாது, நல்ல மரம்."